உடைந்த மணியின் சாட்சி

பட்டு என்பது காஞ்சிபுரத்திலிருந்து வெளியூர் போகும் சரக்கு என்றுதான் இன்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது கடல் வழியாக ஊருக்குள் வந்த சரக்காகவும் இருந்திருக்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கு என்ற சீன வரலாற்றாசிரியர் தொகுத்த ஹான் அரசமரபின் வரலாற்றில் ஹுவாங்ச்சி என்றொரு நாடு வருகிறது. பேரரசர் வூ காலத்திலிருந்து (கி.மு. 141–87) அந்த நாட்டுக்குக் கடல் வழியே ஆட்கள் போய்வந்தார்கள். போகும்போது பொன்னும் பலவகைப் பட்டுகளும் எடுத்துப்போனார்கள். திரும்பும்போது ஒளிவிடும் முத்து, கண்ணாடி, அரிய கற்கள் ஆகியவற்றை வாங்கிவந்தார்கள். கி.பி. 2ஆம் ஆண்டில் அந்த நாட்டு அரசன் சீன அரசவைக்கு உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றையே அனுப்பிவைத்தானாம்.

ஹுவாங்ச்சி என்பது காஞ்சிதான் என்றார் பிரெஞ்சு அறிஞர் கேப்ரியல் ஃபெராண்ட். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் அதை ஏற்றுக்கொண்டார். வேறு ஊர்களைக் கைகாட்டுவோரும் உண்டு. பாலாற்றங்கரையில் காண்டாமிருகத்தை எங்கே பிடித்தார்கள் என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம்தான். ஆனால் அந்தச் சரக்குப் பட்டியலை மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கண்ணாடியும் கற்களும் சோழமண்டலக் கரையின் மண்ணைத் தோண்டினால் மேலே வரும் பொருட்கள்.

முத்துக்கும் அரிய கல்லுக்கும் நடுவே கண்ணாடியை ஏன் வைத்தார்கள்? அன்றைக்குக் கண்ணாடி அந்த வரிசையில்தான் இருந்தது. மணலை உருக்கி ஒருவர் தாமே செய்துகொள்ளும் மாணிக்கம் அது. கல்லில் எளிதில் கிடைக்காத மஞ்சள், நீலம், செங்கல்லைப் போல் ஒளி ஊடுருவாத சிவப்பு எல்லாம் அதில் கிடைத்தன. பாக்கு அளவுக்குக்கூட வளராத ஒரு மணியில் மூன்று தொழில்நுட்பங்கள் அடங்கியிருக்கும்: உருக்குவது, நிறம் ஏற்றுவது, துளை விடுவது.

1960களிலும் 70களிலும் இந்தியத் தொல்லியல் துறையும் சென்னைப் பல்கலைக்கழகமும் காஞ்சிபுரத்தில் அகழாய்வு நடத்தின. உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு ஓடும் ரூலட்டட் வகைப் பானை ஓடுகள், அடி கூம்பிய சாடிகள், மணிகள் ஆகியவை கிடைத்தன. கோயில்களுக்கும் தறி வீடுகளுக்கும் இடையே கிடைத்த சின்னச் சின்ன இடங்களில்தான் குழி வெட்ட முடிந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் விடாமல் குடியிருக்கும் ஊரில் தொல்லியலாளருக்கு இதைவிடப் பெரிய இடம் கிடைக்காது. காமாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைப் பெயர்த்துப் பார்க்க யார் அனுமதி தருவார்கள்?

மணி கிடைத்தது, சரி. அது காஞ்சியில் செய்த மணியா, வந்த மணியா? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மணியைப் போல ஊர் சுற்றும் பொருள் வேறில்லை. எடை குறைவு, எளிதில் உடையாது, கெட்டுப்போகாது; ஒரு பையில் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகலாம். போகும் இடமெல்லாம் அதற்கு மொழி வேண்டாம். ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம், ஒரே நிறம், இழுத்துச் செய்த கண்ணாடி என்ற இலக்கணம் கொண்ட மணிகள் தென்னாப்பிரிக்காவின் மாப்புங்குப்வே குன்றில் கிடைத்திருக்கின்றன. கொரியாவில் பேக்சே அரசன் முர்யோங்கின் கல்லறையை 1971இல் திறந்தபோதும் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் இருந்தன. இந்தியப் பெருங்கடலும் பசிபிக் கடலும் தொடும் கரைகளில் எல்லாம் கிடைப்பதால் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர். இந்தப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்கரான பீட்டர் ஃபிரான்சிஸ். அதற்கு முன்பு, பருவக்காற்றில் வந்தவை என்ற பொருளில் வணிகக்காற்று மணிகள் என்று அழைத்துவந்தார்கள். அந்தப் பெயரில் மணி எப்படிப் போனது என்பது இருந்தது. எங்கிருந்து போனது என்பது இல்லை.

எங்கிருந்து என்ற கேள்விக்கு அழகான மணி பதில் சொல்லாது. அது விற்றுப்போன சரக்கு. பட்டறையில் தங்கிவிடுவது விற்க முடியாதது: பாதியில் உடைந்தது, துளை கோணலாகப் போனது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, உலைச் சுவரில் வழிந்து உறைந்தது. குப்பையை யாரும் கப்பல் ஏற்றி அனுப்புவதில்லை. மணி ஆய்வாளர் ஒருவர் அகழாய்வுக் களத்துக்கு வந்தால் அருங்காட்சியகப் பெட்டியைவிடக் கழிவுக் கூடையைத்தான் முதலில் கேட்பார்.

இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேடு. காக்காயன்தோப்பு, வீராம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே நிறநிறமான மணிகளைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1937இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ-துப்ராய் கைக்கு ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை செதுக்கியதாகக் கருதப்பட்ட ஒரு கல் வந்தது. அரிக்கமேடு அன்றிலிருந்து உலகச் செய்தி ஆயிற்று. 1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியில் செய்த அரெட்டைன் வகைச் சிவப்புப் பாண்ட ஓடுகளும், மது வந்த ஆம்போரா சாடிகளும் கிடைத்தன. அடுத்த ஆண்டு வெளியான அறிக்கைக்கு அவர் வைத்த தலைப்பிலேயே தீர்ப்பு இருந்தது: இந்திய-ரோமானிய வணிக நிலையம்.

வீலரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலம் தெரிந்த இத்தாலிய ஓட்டை வைத்துக்கொண்டு, அதே மண் அடுக்கில் கிடந்த காலம் தெரியாத இந்திய ஓட்டுக்குத் தேதி போட்டார். தென்னிந்தியத் தொல்லியலுக்கே காலக்கணக்கின் அடித்தளம் அதில் கிடைத்தது. ஆனால் அவர் கண் ரோமைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்ததும் அதையே பார்த்தது. 1947 முதல் 1950 வரை தொல்லியலாளர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அந்தச் சரக்கு நின்ற பிறகும் ஊர் நீடித்தது என்று பெக்லி காட்டினார். மேல்நாட்டுப் பாண்டம் என்று ஒருகாலத்தில் நினைத்த ரூலட்டட் ஓடுகளும் இந்தியக் களிமண்ணில் செய்தவை என்று ஆயிற்று.

பெக்லி குழுவுக்குக் கிடைத்த மணிகளை ஆராய்ந்தவர் ஃபிரான்சிஸ். ரோமானிய ஓடுகள் குறைவாகவே இருந்த இடத்தில், கண்ணாடிக் குழாய்த் துண்டுகளும் கெட்டுப்போன மணிகளும் குவிந்து கிடந்தன. வணிக நிலையமாகப் பார்க்கப்பட்ட ஊர் உண்மையில் ஒரு தொழிற்பட்டறை. மத்தியத் தரைக்கடலிலிருந்து மது வந்தது உண்மை. அதை வாங்கிக் குடித்தவர்கள், கிழக்கே பாதி உலகத்துக்கு மணி செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மணிகளை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஃபிரான்சிஸ் தோண்ட வேண்டியிருக்கவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில், ஆந்திரத்தின் காளத்திக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் அதே வேலை நடந்துகொண்டிருந்தது. உலையில் உருகிய கண்ணாடியை, லாடா என்று அவர்கள் சொல்லும் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் திரட்டுகிறார்கள். அதைத் தளத்தில் உருட்டி உருட்டிப் பெரிய கூம்பாக்குகிறார்கள். குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்தி அந்தக் கூம்பை நடுவில் துளைக்கிறார்கள். பிறகு லாடாவை உலை வாய்க்குள் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கொக்கியால் கூம்பின் முனையைப் பற்றி இழுக்கத் தொடங்குகிறார். ஜவ்வு மிட்டாய்க்காரர் இழுப்பதைப் போல அது நீள்கிறது. ஆனால் உள்ளே துளையோடு நீள்கிறது. கைமாற்றிக் கைமாற்றி, ஒரே சீராக, மணிக்கணக்கில் இழுப்பார். வேகம் கூடினால் குழாய் மெலியும், குறைந்தால் தடிக்கும். மணியின் அளவைத் தீர்மானிப்பது அவருடைய தோள்பட்டை.

துளை ஏன் அடைபடுவதில்லை? பாகு நிலையில் இருக்கும் கண்ணாடியை நீளவாக்கில் இழுக்கும்போது குறுக்குவெட்டு முழுவதும் ஒரே விகிதத்தில் சுருங்குகிறது. கூம்பு பத்தில் ஒன்றாக மெலிந்தால் துளையும் பத்தில் ஒன்றாகும். ஒவ்வொரு மணியையும் தனித்தனியே துளைக்கும் வேலை இதனால் மிச்சமாயிற்று. உலகம் முழுவதும் இந்த மணி பரவியதற்கு அதன் அழகு ஒரு காரணம் என்றால், அடக்க விலை இன்னொரு காரணம்.

குழாய் உறைந்ததும் கோல்களாக உடைத்து, பிறகு மணி அளவுக்குச் சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். நறுக்கின ஓரம் கத்தி போல் இருக்கும். அந்தத் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கிக் கிளறுகிறார்கள். கண்ணாடி இளகும்போது பரப்பு இழுவிசை கூரிய ஓரத்தை மழுக்கி உருட்டுகிறது. சாம்பல் துளைக்குள் அடைந்துகொண்டு அதை மூடாமல் காக்கிறது. மணிகள் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கிறது. கடைசியில் சாம்பலை நீக்கி, சலித்து, அளவுவாரியாகப் பிரித்துக் கோக்க வேண்டியதுதான் பாக்கி.

இதைத் தெரிந்துகொண்டவர் கையில் ஒரு லென்ஸ் கொடுத்தால் போதும். பழைய மணியின் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டு கிடந்தால் அது இழுத்துச் செய்தது. குமிழிகளும் வரிகளும் துளையைச் சுற்றி வளைந்திருந்தால், உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்தது. அரிக்கமேட்டுக் கழிவில் கிடைத்த குழாய்த் துண்டுகள் பாப்பாநாயுடுபேட்டைக் கழிவோடு பொருந்தின. இடையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். தறிக்கு வெளியே இவ்வளவு காலம் கைமாறி வந்த தொழில்நுட்பம் தென்னிந்தியாவில் மிகச் சிலவே இருக்கும்.

நிறம் வேறொரு வித்தை. செங்கல் சிவப்பு மணிக்கும் நீலப்பச்சை மணிக்கும் போடுவது பெரும்பாலும் ஒரே உலோகம்: செம்பு. உலையில் தாராளமாகக் காற்று இருந்தால் செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணாடியில் கரைந்து நீலப்பச்சை தரும். காற்றை அடைத்துப் புகைய விட்டால் ஆக்சிஜன் பறிபோய், செம்பு நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நிற்கும். அந்தத் துகள்களில் பட்டுச் சிதறும் ஒளிதான் அடர்சிவப்பு. மஞ்சளுக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்மம். அடர்நீலத்துக்குக் கோபால்ட். கறுப்பு என்று கண்ணுக்குத் தெரியும் மணிகள் பலவற்றை வெளிச்சத்தில் பிடித்தால் ஊதா தெரியும், அது மாங்கனீசு. உலைக்காரருக்கு ஆக்சிஜன் என்ற பெயர் தெரியாது. புகையின் நிறம் தெரியும்.

இதே மணிகளை ஒரே முறையில், ஒரே நிறத்தில், பல நூற்றாண்டுகள் பல ஊர்களில் செய்தார்கள். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தொம், வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் பட்டறைகள் எழுந்தன. கைவினைஞர்களே கடல் கடந்து போனார்கள் என்பது ஃபிரான்சிஸின் கருத்து. குளோங் தொம்மில் கிடைத்த ஒரு உரைகல்லில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. பொன்னின் மாற்றைப் பார்க்கத் தன் கல்லைத் தானே கொண்டுபோன ஒரு தமிழ்ப் பொற்கொல்லரின் பெயர் அது. அப்படியானால் கொரியாவில் கிடைத்த மணி அரிக்கமேட்டில் பிறந்ததா, குளோங் தொம்மில் பிறந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அங்கே வேதியியல் வருகிறது. காஞ்சிபுரத்தில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஜரிகையில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்பதை இன்று அந்த ஊரிலேயே எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒரு கதிரைத் திருப்பி உமிழும்; அதை எண்ணினால் கலவை தெரிந்துவிடும். நூலை வெட்டவோ உருக்கவோ வேண்டாம். அகழாய்வில் கிடைத்த மணிகளையும் இதே கருவியில் வைக்கிறார்கள். இன்னும் நுட்பமாக வேண்டும் என்றால், லேசர் கதிரால் தலைமுடித் தடிமன் அளவுக்கு ஒரு குழி போட்டு, ஆவியான துளியை நிறை நிறமாலைமானிக்குள் அனுப்புகிறார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருக்கும் தனிமமும் அதில் சிக்கும். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் லோர் துசுபியூ இந்த முறையில் ஆசிய, ஆப்பிரிக்க மணிகளை அளந்து வகைப்படுத்தியிருக்கிறார்.

அளந்தால் என்ன தெரியும்? தூய மணல் உருகுவதற்கு 1,700 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். பழங்காலத்து உலை அதை எட்டாது. அதனால் உருகுநிலையைக் குறைக்க ஒரு காரம் சேர்க்கிறார்கள். ரோமானியர்கள் எகிப்தின் வறண்ட ஏரிகளிலிருந்து நேட்ரான் என்ற உப்பைக் கொண்டுவந்தார்கள். மெசபடோமியாவிலும் பாரசீகத்திலும் உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலைப் போட்டார்கள். அதனால் அந்தக் கண்ணாடியில் மக்னீசியம் கூடுதல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலத்தில் பூக்கும் சோடா உப்பு, அதாவது வண்ணார்கள் துணி வெளுக்க எடுத்த அதே வகை உவர், காரமாயிற்று. மணலும் தூய மணலாக இல்லை. கருங்கல் பாறை சிதைந்து வந்த மணலில் ஃபெல்ஸ்பார் கலந்திருக்கும். அதில் அலுமினா அதிகம். ரோமானியக் கண்ணாடியில் இரண்டு மூன்று விழுக்காடு இருக்கும் அலுமினா, இங்கே பத்து விழுக்காட்டை நெருங்கும்.

நல்ல கண்ணாடி செய்பவருக்கு அலுமினா ஒரு தொல்லை. கலவை கெட்டியாகும், குமிழி போகாது, தெளிவு வராது. ஆய்வாளருக்கு அதுதான் ஊர்ப் பெயர். அலுமினா கூடிய இந்தச் சோடாக் கண்ணாடிக்குள்ளும் பேரியம் அதிகமாகவும் யுரேனியம் குறைவாகவும் இருப்பது தென்னிந்தியா, இலங்கை வகை. யுரேனியம் கூடிப் பேரியம் குறைந்தது பிற்காலத்து மேற்குக்கரை வகை, கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நிறையக் கிடைப்பது. மணி செய்தவர் வேண்டாமென்று விட்டிருக்கக்கூடிய அழுக்குதான் அதன் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

கல் மணிக்கு இந்த வழி அவ்வளவு எளிதாகக் கைகொடுப்பதில்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்து புகழும் கொடுமணம் என்று கருதப்படும் ஊர். அங்கே ஒரே ஈமச்சின்னத்தில் 2,220 சூதுபவள (கார்னீலியன்) மணிகள் கிடைத்தன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைக்கும், நீலக்கல் சிவன்மலைப் பக்கம் கிடைக்கும். சூதுபவளத்தின் பெரிய சுரங்கங்களோ குஜராத்தில். கர்நாடகத்துப் பட்டும் சூரத்து ஜரிகையும் வந்து காஞ்சிபுரத்தில் சேலையாவதைப் போலத்தான் இதுவும். கைவேலைக்குப் பேர்போன ஊரில் மூலப்பொருள் விளைந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கொடுமணலிலும் மணியைவிட முக்கியமான சாட்சி குப்பைதான்: முழுக் கல், சில்லு, பாதி தேய்த்தது, துளை போடாதது என வேலையின் எல்லா நிலைகளும் அங்கே கிடைத்தன.

கெட்டியான அந்தக் கல்லை எதைக் கொண்டு துளைத்தார்கள் என்று கண்டுபிடித்தவர்கள் இரண்டு பல் மருத்துவர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த லியோனார்ட் கொரெலிக், ஜான் குவின்னட் இருவரும், பல்லுக்கு அச்சு எடுக்கும் சிலிக்கோன் பசையை மணித் துளைக்குள் செலுத்தி, உறைந்ததும் உருவி எடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். துளைச் சுவரில் சீரான வளையக் கோடுகள் தெரிந்தன. இரட்டை வைரத் துண்டு பதித்த துளைக்கருவி ஏற்படுத்தும் கோடுகள் அவை. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் அதே கருவிதான். தென்னிந்திய மணிகளிலும் அந்தத் தடம் இருப்பதை 1988இல் எழுதினார்கள். தொல்லியலுக்கு வெளியிலிருந்து வந்த உதவிகளில் இதைவிடச் சுவையானது குறைவு.

கம்பாத் வழியாக இந்தக் கதை ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. இரும்பு கலந்த மங்கலான அகேட் கல்லைத் தீயில் மெல்லச் சுட்டால் இரும்பு ஆக்சிஜனேறிச் சிவக்கும், சூதுபவளம் பிறக்கும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் துவார்த்தே பர்போசா, கம்பாத் மணிகள் அரேபியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போவதை எழுதிவைத்திருக்கிறார். குஜராத்தின் அகேட் தொழிலாளர்கள் வணங்கும் பாபா கோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஞானி என்பது சித்தி சமூகத்தின் நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்தார் பிரேசில் அகேட்டை வெட்டி, கம்பாத் மணியைப் போலவே செய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு விற்றார்கள். மேற்கு ஆப்பிரிக்கச் சந்தை ஒன்றில் தொங்கும் நீளச் சிவப்பு மணி குஜராத்துக் கல்லா, பிரேசில் கல்லா, சகாரா ஓரத்துக் கல்லா? வடிவம் பார்த்துச் சொல்பவரை நம்பக் கூடாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் மணிகளின் அளவே மலைக்க வைக்கும். நைஜீரியாவின் இக்போ-உக்வு கிராமத்தில் 1938இல் ஐசையா அனோசி என்பவர் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியபோது வெண்கலப் பாண்டங்கள் தென்பட்டன. 1959 முதல் தர்ஸ்டன் ஷா அங்கே தோண்டினார். கண்ணாடியும் சூதுபவளமுமாக 165,000க்கு மேற்பட்ட மணிகள் கிடைத்தன. காலம் ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டு. கடலோரமும் இல்லாத, பாலைவன வணிகப் பாதையின் முனையும் இல்லாத காட்டுப் பகுதி அது. இவ்வளவு மணி எங்கிருந்து என்று கேட்டவர்கள் எகிப்தையும் இந்தியாவையும் நினைத்தார்கள். மாலியின் பழம்பெரும் ஊரான ஜென்னே-ஜெனோவில் மிகப் பழைய அடுக்கு ஒன்றில் கிடைத்த கண்ணாடி மணியை ராபர்ட் பிரில் பகுத்துப் பார்த்தார். அது ஆசியாவில் பரவலாக இருந்த பொட்டாஷ் கண்ணாடி வகை. ஆகவே அப்படி நினைத்ததில் தவறில்லை. எந்த மணியும் அங்கே பிறந்திருக்காது என்று முடிவு கட்டியதில்தான் தவறு.

நைஜீரியாவின் இஃபே நகரத்தில் கடல் தெய்வம் ஓலோகுனின் தோப்பு ஒன்று உண்டு. யொரூபா மக்களுக்கு ஓலோகுன் செல்வத்தின் தெய்வமும்கூட. ஜெர்மானியர் லியோ ஃப்ரோபேனியஸ் 1910இல் அங்கே வந்தார். உட்புறம் கண்ணாடி படிந்த மண் குவைகளைக் கண்டார். அழகிய சிற்பத் தலைகளையும் கண்டார். இதையெல்லாம் ஆப்பிரிக்கர் செய்திருக்க முடியாது, மூழ்கிப்போன அட்லாண்டிஸின் எச்சம் இது என்று எழுதினார். வீலருக்கு ரோம் என்றால் இவருக்கு அட்லாண்டிஸ். வீலராவது கையில் இத்தாலிய ஓடு வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அட்லாண்டிஸைக் கைவிட்டார்கள். ஆனால் வெளிநாட்டுக் கண்ணாடியை வாங்கி உருக்கி மறுபடி மணி செய்திருப்பார்கள் என்பதோடு நின்றுவிட்டார்கள்.

குவைகள் அந்த இடத்திலேயே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கிடந்தன. 2006இல் ஜேம்ஸ் லாங்க்டன், அகின் இகே, திலோ ரேரன் மூவரும் இஃபே கண்ணாடியின் கலவை உலகில் வேறெங்கும் இல்லாதது என்றார்கள். அதில் சுண்ணாம்பும் அதிகம், அலுமினாவும் அதிகம். பிறகு நைஜீரியத் தொல்லியலாளர் அபிதெமி பாபலோலா அதே ஓலோகுன் தோப்பில் முறையாகத் தோண்டினார். 12,000க்கு மேற்பட்ட கண்ணாடி மணிகளும் 800க்கு மேற்பட்ட குவைத் துண்டுகளும் கிலோக் கணக்கில் கழிவும் கிடைத்தன. கி.பி. 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை, உள்ளூர் மணலையும் உள்ளூர்ச் சுண்ணாம்பையும் கொண்டு, முதலிலிருந்தே கண்ணாடி காய்ச்சியிருக்கிறார்கள். அந்த மணிகளின் வேதிக் கலவையை அளந்த குழுவில், தென்னிந்தியக் கண்ணாடியைப் பிரித்துக் காட்டிய அதே துசுபியூவும் இருந்தார். இஃபேயிலும் கருங்கல் சிதைந்த மணல், அதே ஃபெல்ஸ்பார், அதே அலுமினா. பாறை ஒன்றுபோல இருந்தாலும் சேர்த்த சுண்ணாம்பு வேறு; அதனால் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. இஃபே வகைக் கண்ணாடி சகாரா ஓரத்தில் மாலியின் காவோ வரை போயிருப்பதும் பிறகு தெரிந்தது. கடலுக்கு அப்பாலிருந்து மணி வாங்கியதாக மட்டுமே நினைத்த நிலம், தானும் மணி விற்றிருக்கிறது.

மணிகளைத் தேடி ஆசியக் கடற்கரைகளில் வாழ்நாளைச் செலவிட்ட ஃபிரான்சிஸ், 2002இல் தன் பெரிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் இருந்தபோது காலமானார். அந்த நாட்டில் க்ரோபோ மக்கள் உடைந்த கண்ணாடிப் புட்டிகளைத் தூளாக்கி, மண் அச்சில் இட்டுச் சுட்டு இன்றும் மணி செய்கிறார்கள்.

இஃபேயில் விடை கிடைத்த கேள்வி தமிழ்க் கரையில் இன்னும் பாதியில் நிற்கிறது. அரிக்கமேட்டில் மணி செய்தார்கள், ஐயமில்லை. மணலிலிருந்து கண்ணாடியையும் அங்கேயே காய்ச்சினார்களா, காய்ச்சிய பாளத்தை வாங்கிவந்து உருக்கினார்களா? கண்ணாடி காய்ச்சுவதும் மணி செய்வதும் இரண்டு தொழில். இரண்டுக்கும் வெவ்வேறு உலை, வெவ்வேறு கழிவு. இலங்கையில் கிரிபாவ என்ற இடத்தில் கண்ணாடியைக் காய்ச்சிய உலைகளே கிடைத்திருக்கின்றன. அங்கேயிருந்து பாளம் பாளமாகக் கடல் தாண்டி வந்திருக்கலாம். கடலூருக்கு அருகே காரைக்காடு, பழனிக்கு அருகே பொருந்தல் என்று மணியும் உலைத் தடயமும் கிடைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் சில உண்டு. 2025ஆம் ஆண்டுக்கான அகழாய்வு இடங்களாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தவற்றில் கடலூர் மாவட்டத்து மணிக்கொல்லையும் ஒன்று. உழுதால் மணி தட்டுப்படும் நிலம் அது. மணி அங்கே நிறையக் கிடைக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். அகழாய்வாளர்கள் சல்லடையில் தேட வேண்டியது உலைச் சுவரின் ஓட்டையும், குவையின் அடியில் ஒட்டிய கசடையும், பாதி வெந்த மணல் கட்டியையும்.